முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கலாமா?

கேள்வி கேட்டவர் திருநெல்வேலிக்காரர், கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறார். சென்னையில் வருடா வருடம் ஜூன் மாதம் தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் திருநங்கை, திருநம்பிகளும் நடக்கிற வானவில் பேரணி எப்படித் தொடங்கியது, யார் நடத்துகிறார்கள், செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, அதே மாதிரி ஒன்றை நெல்லையில் நடத்த முடியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்: “முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கலாமா?” முதல் நான்கும் தகவல் கேள்விகள். அவர் கேட்க வந்தது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. நான்கையும் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன். நான்குக்குமே பதில் அந்த வரியைச் சுற்றித்தான் வரப்போகிறது என்பது வேறு விஷயம்.

பாளையங்கோட்டையில் வழக்கறிஞராக இருபது வருடத்துக்கு மேலாகிறது. பீடித் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர், ஆசிரியர் சங்கம் என்று பலருக்கும் ஊர்வலத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் அனுமதி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானும் தன்பாலீர்ப்பு கொண்டவன்தான். 2009 ஜூன் 28 ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் சென்னையின் முதல் பேரணி நடந்த அன்று நான் அங்கே இருந்தேன். நடக்கவில்லை. கையில் சுண்டல் பொட்டலத்தோடு ஓரமாக நின்று, வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் முகமூடியோடு நடந்தேன். அதற்கப்புறம் பல வருடம் வாலண்டியராகக் கயிறு பிடித்திருக்கிறேன். ஆகவே இனி நான் சொல்வதில் சட்டமும் ஏற்பாடும் என் தொழில் சார்ந்தவை. ஒரு திருநங்கை தெருவில் நடக்கும்போது என்ன அனுபவிக்கிறார் என்பதைப் பார்த்தும் கேட்டும்தான் எனக்குத் தெரியும், பட்டுத் தெரியாது. அந்த இடங்களில் என் வார்த்தையைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றில் உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கில் கிறிஸ்டோபர் தெருவில், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் கூடுகிற ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் சோதனைக்கு நுழைந்தது. வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறுகிற கூட்டம் அன்றைக்கு ஏறவில்லை. கலவரம் சில நாட்கள் நீடித்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1970 ஜூன் 28 அன்று அதன் நினைவாக அதே வட்டாரத்திலிருந்து ஊர்வலம் போனார்கள். ஜூன் மாதக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். வானவில் கொடி கொஞ்சம் பிந்தியது. 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் உருவாக்கியபோது அதில் எட்டு நிறம். ரோஜா நிறத் துணி தேவையான அளவுக்குக் கிடைக்காததால் அது போயிற்று, அப்புறம் இன்னொன்றும் போய் ஆறில் நின்றது. தத்துவம் தேடுகிறவர்களிடம் இந்தத் துணிக்கடைக் காரணத்தைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். சந்தேகத்துக்குரிய பகுதியும் உண்டு. ஸ்டோன்வாலில் முதல் கல்லை எறிந்தது இன்னார் என்று வருடா வருடம் சுற்றுக்கு வரும் கதையை நம்ப வேண்டாம். அதில் அடிக்கடி அடிபடும் பெயர் மார்ஷா ஜான்சன். தான் வந்து சேர்ந்தபோது கலவரம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று அங்கே இருந்தவர் என்பது நிச்சயம், முதல் கல் என்பது கதை.

இந்தியாவில் முதல் நடை 1999 ஜூலை 2, கொல்கத்தாவில். ‘நட்பு நடை’ என்று பெயர் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் அளவில் நடந்தார்கள். பதினைந்து என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நெல்லைக்கு வரும்போது வேண்டியிருக்கும். 2008 ஜூன் 29 அன்று டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா மூன்றிலும் ஒரே நாளில் நடந்தது. அடுத்த வருடம் சென்னை. மெரினாவில் நடந்து நான்கே நாளில், ஜூலை 2 அன்று, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் மனமொப்பி வைத்துக்கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்ற டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதாவது சென்னையில் நடந்தவர்கள் தீர்ப்புக்கு முன்னால் நடந்தவர்கள். அன்றைக்கு என்னை ஓரத்தில் நிறுத்தியது சட்டம் இல்லை. 377ஆம் பிரிவு தண்டித்தது செயலை, ஆளை இல்லை. தெருவில் பதாகை பிடித்து நடப்பது அதன் கீழ் எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. இது எனக்கு அன்றே தெரியும், கறுப்புக் கோட்டு போட்டவன். தெரிந்தும் கால் நகரவில்லை. பிறகு 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அரசியல் சாசன அமர்வு, வயது வந்தவர்கள் மனமொப்பி இருப்பது குற்றமில்லை என்று முடித்து வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. இத்தனைக்கும் நடுவில் சென்னைப் பேரணி தன்பாட்டுக்கு வருடா வருடம் போய்க்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில்தான் தெருவை விட்டு இணையத்துக்குப் போனது.

பெயரைப் பற்றி ஒன்று. மற்ற ஊர்களில் பிரைடு என்றார்கள், சென்னைக்காரர்கள் ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்று வைத்தார்கள். அந்த அமைப்பாளர்கள் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான் என்பேன். 1925-லிருந்து தமிழ்நாட்டில் புழங்குகிற சொல். ‘பெருமை’ என்று நேராக மொழிபெயர்த்திருந்தால், நம்ம தென்மாவட்டத்துக்காரன் காதில் அது எந்தப் பெருமையாக விழும் என்று உங்களுக்கே தெரியும். பாதி சுவரொட்டிகளில் அந்தச் சொல் ஒரு சாதிப் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெல்லையில் நடத்தினாலும் சுயமரியாதை என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். சுயமரியாதைத் திருமணம் என்றால் பாட்டிகளுக்கும் தெரியும்.

யார் நடத்துகிறார்கள் என்பதற்கு ஒற்றைப் பெயர் கிடையாது. சென்னை வானவில் கூட்டணி என்ற பெயரில் பல குழுக்கள் சேர்ந்து தொடங்கினார்கள். சகோதரன், ஓரினம், நிறங்கள் போன்றவை அதில் பழைய பெயர்கள். சிலது பதிவு பெற்ற தொண்டு நிறுவனம், சிலது வெறும் நண்பர் வட்டம். தலைவர் என்று ஒருவர் இல்லாமல் கூட்டம் போட்டு முடிவெடுப்பது நல்லதுதான், ஆனால் பதாகையில் எந்த வாசகம் மேலே வரவேண்டும் என்பதற்கு மூன்று மணி நேரம் போகும். உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். காசு பெரும்பாலும் தனிநபர் நன்கொடை. கம்பெனிகளிடம் வாங்கலாமா கூடாதா என்ற சண்டை இந்தியா முழுக்க உண்டு. டெல்லியில் கம்பெனி முத்திரையே வேண்டாம் என்று நிற்கிறார்கள். என் கருத்து டெல்லிக்காரர்கள் பக்கம், ஆனால் நெல்லையில் இந்தப் பிரச்சினை உங்களுக்கு வராது. எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை. செலவு என்று பார்த்தால் பதாகைத் துணி, மைக், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, வெளியூரிலிருந்து வருகிற திருநங்கைகளுக்குப் பஸ் செலவும் சாப்பாடும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தொகை. அதைக் குறைத்தால் கூட்டம் ஒரே மாதிரி ஆட்களாக, பேன்ட் சட்டைக்காரர்களாக ஆகிவிடும்.

வேலை ஏப்ரலிலேயே தொடங்கும். பேரணி ஒரு சாயங்காலம்தான், அதைச் சுற்றி ஜூன் முழுக்கப் படம் திரையிடல், பெற்றோர் சந்திப்பு, கலந்துரையாடல் என்று நடக்கும். வாலண்டியர்களுக்கு முன்கூட்டியே வேலை பிரித்துக் கொடுப்பார்கள். கயிறு பிடித்து வரிசையை ஒரு பக்கமாக வைத்திருப்பவர்கள், தண்ணீர் கொடுப்பவர்கள், போலீசோடு பேசுவதற்கென்றே ஒருவர், பத்திரிகைக்காரர்களோடு பேச ஒருவர். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்துப் பதில் சொல்வதற்குத் தனியாகச் சிலர். இந்தக் கடைசி வேலை எனக்குப் பிடிக்கும். ஒரு முறை சோடாக்கடைக்காரர் ஒருவர், ஊர் நம்ம பக்கம்தான், பேச்சிலேயே தெரிந்துவிட்டது, “என்ன அண்ணாச்சி, எந்தக் கட்சிக் கூட்டம் இது, இத்தனை கலரா இருக்கு?” என்று கேட்டார். துண்டறிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டு, “அப்பம் யாரும் எலெக்‌ஷன்ல நிக்கலயா?” என்றார். நிற்கவில்லை என்றேன். சுவாரசியம் போய்விட்டது அவருக்கு. விரோதம் இருக்கும் என்று நாம் பயந்துகொண்டிருக்கிற இடங்களில் பெரும்பாலும் இந்த அளவுக்கு அசட்டைதான் இருக்கிறது.

ஆனால் சென்னையில் எல்லோரையும்விடக் கஷ்டமான வேலை படம் எடுக்கிறவர்களைச் சமாளிப்பது. கேட்காமல் யாரையும் நெருங்கிப் படம் எடுக்கக்கூடாது என்று பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் கேட்பார்கள், செல்போன்காரர்கள் கேட்கமாட்டார்கள். ஆரம்ப வருடங்களில் முகமூடி குவியலாக வந்தது இதனால்தான். வருடம் போகப்போக முகமூடி குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. சென்னையில் ஓர் ஆளைக் காப்பாற்றுவது போலீசும் இல்லை, வாலண்டியரும் இல்லை, அந்த ஊரின் அளவு. லட்சக்கணக்கான அந்நியர்கள் நடுவில் நடக்கிறீர்கள். நான் மெரினாவில் ஓரமாக நின்றபோதுகூட என்னைத் தெரிந்தவர் ஒருவரும் அந்த மணலில் இல்லை. நெல்லை வண்ணார்பேட்டையில் அப்படி நிற்க முடியுமா? பஸ் ஸ்டாப்பில் ஒரு சித்தப்பா, டீக்கடையில் பழைய வாத்தியார், எதிரில் வருகிற ஸ்கூட்டரில் அம்மாவோடு வேலை பார்க்கிறவர். “இன்னார் மகன்லா அது” என்று சொல்லி முடிக்கும் முன்னால் வீட்டுக்குப் போன் போயிருக்கும். ஊர்வலம் நடத்துவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. நடந்தவர்கள் எல்லோரும் மறுநாள் காலையில் அவரவர் வீட்டிலும் வேலையிலும் இருக்கவேண்டும். சிற்றூரில் ஏற்பாடு என்றால் அதற்கான ஏற்பாடுதான்.

சென்னை இல்லாத ஊரில் நடந்ததே இல்லையா என்றால், மதுரையில் 2012 ஜூலை 29 அன்று நடந்தது. சிருஷ்டி மதுரை என்ற மாணவர் குழு முன்னின்று செய்தது. ஆசியாவிலேயே முதல் பாலினப் புதுமையர் (ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்கள்) பேரணி என்று அதைச் சொல்வதுண்டு. ‘முதல்’ பட்டங்களை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், ஆனால் கோயில் நகரத்தில், கல்லூரிப் பிள்ளைகள் தலைமையில் ஒன்று நடந்தது என்பது நிச்சயமான செய்தி. நெல்லைக்குப் பக்கத்து உதாரணம் சென்னை இல்லை, மதுரைதான்.

இங்கே சிலர் கூவாகத்தைச் சொல்வார்கள், நமக்கு ஏற்கெனவே பேரணி இருக்கிறதே என்று. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலில் நடப்பது திருவிழா. அரவானை மணந்ததாகத் தாலி கட்டிக்கொண்டு, பிறகு அறுக்கிற சடங்கு. அங்கே கூடுவது பெரும்பாலும் திருநங்கைகள், கூடுவதற்குக் காரணம் வழிபாடு. அரசிடமோ சமூகத்திடமோ எதையும் கோருகிற ஊர்வலம் அல்ல. நம்ம பக்கத்தில் இன்னொரு உதாரணம் சொல்வார்கள், குலசேகரன்பட்டினம் தசரா. ஆம்பிளைகள் சேலை கட்டி, பொட்டு வைத்து, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துவிட்டு முத்தாரம்மன் சன்னதிக்குப் போகிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நேர்த்திக்கடன். அந்த வேஷத்துக்கும் அடையாளத்துக்கும் முடிச்சுப் போடுவது வேஷம் கட்டுகிறவர்களுக்கும் நியாயம் இல்லை, நமக்கும் இல்லை. அந்தப் பத்து நாளில் நிம்மதியாகச் சேலை கட்டிக்கொள்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். அது என் ஊகம் மட்டும்தான்.

சரி, நெல்லைக்கு வருவோம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தருகிற உரிமை. அதை ஒழுங்குபடுத்துகிற அதிகாரம் போலீசுக்கு உண்டு. நெல்லை மாநகர எல்லைக்குள் சென்னை மாநகரக் காவல் சட்டம், 1888-இன் 41ஆவது பிரிவுதான் பேசும். 1997-ல் இங்கே மாநகரக் காவல் ஆணையரகம் வந்தபோது அந்தச் சட்டமும் கூடவே வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை தடை உத்தரவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள், ஆகவே எந்த ஊர்வலத்துக்கும் அனுமதி வேண்டும். சட்டக் கணக்கில் ஐந்து நாள் முன்னால் மனு கொடுத்தால் போதும். ஐந்து நாளை நம்பிப் போகாதீர்கள், இருபது நாளாவது வேண்டும். மாநகர எல்லையைத் தாண்டி அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் 1861-ஆம் வருடத்துப் போலீஸ் சட்டம், 30ஆவது பிரிவு.

மனுவில் தேதி, நேரம், கிளம்பும் இடம், போகும் வழி, முடியும் இடம், உத்தேச எண்ணிக்கை, மைக் உண்டா, வாகனம் உண்டா, பொறுப்பாளர் பெயர், போன் நம்பர், கையெழுத்து. இந்த வரிசையில் கடைசி மூன்றுதான் உங்கள் சிக்கல். யாராவது ஒருவர் தன் பெயரைக் கொடுத்தே ஆகவேண்டும். அது உங்கள் பெயராக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வழக்கறிஞரோ, ஓய்வு பெற்ற பேராசிரியரோ, தொழிற்சங்கத்துக்காரரோ கையெழுத்துப் போடலாம். மனுவைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். ஒரு முறை வேறு ஒரு சங்கத்துக்காக நான் கொடுத்த மனுவை, ஒரு காவல் நிலையத்தில் வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். முத்திரை இல்லாமல் நான் திரும்பி வந்தது என் தப்பு. அனுமதி மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது கஷ்டம். இந்த மாதிரி வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் வழியையோ நேரத்தையோ மாற்றி, நிபந்தனை போட்டு அனுமதிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

வழி என்றதும் நினைவுக்கு வருகிறது. கொல்கத்தாவில் அந்தப் பதினைந்து பேர் நடந்து மூன்று வாரம் கழித்து, 1999 ஜூலை 23 அன்று, நம்ம ஊரில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு பேரணி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனது. தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. ஆற்றில் விழுந்தவர்கள் கரையேறவில்லை. ஒரு குழந்தை உட்பட 17 பேர். இந்த ஊரில் ஊர்வலம் என்று சொன்னவுடன் பெரியவர்கள் முகம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். நான் யாருக்கு மனு எழுதினாலும், வழியைப் பார்த்தவுடன் இரண்டு பக்கமும் வெளியேற இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து சுலோச்சனா முதலியார் பாலத்தின் மேல் கொடியோடு நடந்தால் படத்துக்கு அற்புதமாக இருக்கும். வேண்டாம். பாலத்தின் நடுவில் எதிரே மாமா வந்தால் ஒதுங்குவதற்குச் சந்து கிடையாது. பாளையங்கோட்டைப் பக்கம் குறுக்குத் தெருக்கள் நிறைய இருக்கிற, அரை மணி நேரத்தில் நடந்து முடிகிற ஒரு வழி போதும். முடிகிற இடத்தில் சுவருக்குள் ஒரு கூடம் இருந்தால் நல்லது. உடை மாற்றிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போகலாம்.

தேதியிலும் சென்னையை அப்படியே நகல் எடுக்க முடியாது. ஜூன் கடைசி என்றால் இங்கே ஆனி. நெல்லையப்பர் தேரோட்டத்துக்குப் போலீஸ் முழுக்க டவுனில் நிற்கும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஆடி அமாவாசை, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம். பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை என்று சொல்லி மறுப்பார்கள், அதில் பொய்யும் இருக்காது. போதாதற்குக் குற்றாலக் காற்று. நீளமான பதாகையை ஆனிக் காற்றில் இரண்டு பேர் பிடித்தால் பதாகைதான் அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஜூன்தான் வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது, அந்த நாளைத் திருநங்கையர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். தேசியச் சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2014-ல் அதே ஏப்ரல் 15-ல்தான் வந்தது. வெயில் கொல்லும், ஆனால் நாளுக்கு நம்ம மண்ணிலேயே காரணம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பையன் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்கிறார்கள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடுக்கவேண்டும் என்றே எழுதியது. ஆகவே இங்கே போலீஸ்காரர் ஒரு கொடியைப் பார்த்தால், அது யாருடைய நிறம், எந்தத் தெரு வழியாகப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். வானவில் கைப்பட்டை கட்டிக்கொண்டு போனால் ஆறு நிறத்தில் எது முன்னால் தெரிகிறது என்று பார்க்கிற ஆளும் இருப்பான். சிரிப்பாக இருக்கும், ஆனால் மனுவோடு கொடியின் படத்தை இணைத்து, இது எந்தச் சாதிக்கும் கட்சிக்கும் உரியதல்ல என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கைப்பட்டையை ஊர்வலம் முடிந்ததும் கழற்றிவிடச் சொல்லுங்கள். பதாகையில் தமிழ்ச் சொற்களையே எழுதுங்கள். திருநங்கை, திருநம்பி, ஊடுபால், தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்று 2022-ல் தமிழ்நாடு அரசே சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அரசு அச்சடித்த சொல்லை ஆபாசம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இனி எனக்குச் சங்கடமான பகுதி. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் முகத்தை மறைக்காமல் வாழ்கிறவர்கள் திருநங்கைகள் மட்டும்தான். கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகள் சேர்ந்து பால் கூட்டுறவுச் சங்கமே நடத்துகிறார்கள். பேரணி என்று அழைத்தால் முதலில் வந்து நிற்பதும் அவர்கள்தான். ஏச்சும் அவர்களுக்குத்தான், போலீஸ் கேள்வியும் அவர்களுக்குத்தான். பின்னால் முகமூடியோடு என்னைப் போன்ற படித்த ஆண்கள். சென்னையிலும் இது நடந்திருக்கிறது, நானே அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். நெல்லையில் நடத்துவதென்றால் முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள். கடைசி வாரத்தில் ஆள் சேர்க்கக் கூப்பிடாதீர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேண்டாம்தான்.

வீட்டைப் பற்றி. பெரும்பாலும் ஆபத்து தெருவில் இல்லை, ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான். சாதி மாறிக் காதலித்தாலே உயிருக்கு உலை வைக்கிற மண் இது. ஒருவர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுப்பார்கள், போலீஸ் தேடி வரும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு இதற்குத்தான் பயன்படும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடிக்கவேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்கிறது. ‘மாற்றும் சிகிச்சை’ என்று சொல்லி வைத்தியம் பார்க்கவும் தடை. அதன் தொடர்ச்சியாக, 2022-ல் காவலர் நடத்தை விதிகளிலேயே திருத்தம் வந்தது. இன்னொரு தீர்ப்பு நம்ம பக்கத்துத் தூத்துக்குடியிலிருந்து. கோயிலில் தாலி கட்டிக்கொண்ட ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணத்தைப் பதிவு செய்யப் போய் மறுக்கப்பட்டு, 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் ஜெயித்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்றால் திருநங்கையும் அடங்கும் என்றது தீர்ப்பு. ஒரே பாலினத் திருமணத்தை மட்டும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் இல்லாமலும் குடும்பம் அமைக்கலாம், தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது. பேரணிக்கு முதல் நாளே, வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு வழக்கறிஞர் எண்ணும், அன்றிரவு தங்க ஓர் இடமும் இருக்கவேண்டும். இவை இல்லை என்றால் அந்த வருடம் நடத்தாதீர்கள்.

ஆக, முடியுமா? சட்டப்படி முடியும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அனுமதி கிடைக்குமா என்றால், கேட்கிற விதத்தையும் வருடத்தையும் அதிகாரியையும் பொறுத்தது. கிடைக்கும் பக்கம்தான் சாய்கிறேன். நடந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இருப்பார்களா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தரமாட்டேன். முதல் வருடம் ஒரு கூடத்துக்குள் பதினைந்து பேர் கூடி ஒரு படம் பாருங்கள். கொல்கத்தாவும் பதினைந்தில்தான் தொடங்கியது. அந்தப் பதினைந்து பேரும் ஒருவருக்கொருவர் போன் நம்பர் கொடுக்கத் துணிகிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் தெருவைப் பற்றிப் பேசலாம்.

கடைசி வரிக்கு வருகிறேன். நடக்கலாம். ஊர்வலத்தில் முகத்தை மறைக்கக்கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அனுமதி தரும்போது போலீஸ் நிபந்தனையாகச் சேர்க்கப் பார்க்கும், ஆகவே சிலர் முகமூடி அணிந்து வருவார்கள், அவர்களுக்குப் பொறுப்பு இன்னார் என்று மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. மறைத்துக்கொண்டு நடப்பவரைக் குறைவாக நினைக்கிற ஆட்கள் நம்ம கூட்டத்திலேயே இருப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முகம் மட்டும் மறைந்தால் போதாது. வழக்கமாகப் போடுகிற செருப்பு, கைக்கடிகாரம், வண்டிச் சாவிக் கொத்து மூன்றையும் மாற்றுங்கள். நம்ம ஊர்க்காரன் நடையையும் செருப்பையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான். அட்டை முகமூடி வாங்காதீர்கள். 2010-ல் நான் போட்டது அட்டைதான், பாதி வழியில் வியர்வையில் ஊறி மூக்குப் பக்கம் பிய்ந்துவிட்டது, மீதி தூரம் கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். பருத்தித் துணியில் தைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எலாஸ்டிக் வேண்டாம், நாடா வைத்துக் கட்டுங்கள், கண்ணுக்கு ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.